சிபாலெயார் என்றொரு வினைச்சொல்

ஜெகதீஸ்வரியைப் பற்றிக் கொழும்பு வெள்ளவத்தையில் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றைத்தான். கனடாவுக்கென்று புறப்பட்டுப் போய் ஸ்பானிஷோடு திரும்பி வந்தவள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். உண்மையில் அந்தப் பகிடியை முதலில் அவிழ்த்துவிட்டதே அவள்தான். மற்றவர்கள் வாயைத் திறக்க முந்தி நாமே சொல்லிவிட்டால் அவ்வளவாகச் சுடாது என்று கண்டுபிடித்திருந்தாள்.

நடந்தது இதுதான். 1995இல் நடந்த யாழ்ப்பாணத்து இடப்பெயர்வுக்கு அடுத்த வருடம், ரொறன்ரோவில் இருந்த தமையன் ஒரு ஏஜென்டைப் பிடித்து அவளை அனுப்பிவைத்தார். விமானம் மாறி விமானம் மாறி அவள் கடைசியில் இறங்கிய இடம், ஈக்குவடோரில் குயாக்கில் என்ற துறைமுகப் பட்டினம். "ரெண்டு கிழமை பொறுங்கோ தங்கச்சி, அடுத்த பிளைட் கனடாதான்" என்றான் ஏஜென்ட். ரெண்டு கிழமை ரெண்டு வருடத்தையும் தாண்டி ஓடியது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போனார்கள். ஜெகதீஸ்வரியின் முகத்துக்குப் பொருந்துகிற பாஸ்போட் மட்டும் உலகத்தில் எங்கேயும் அகப்படவில்லை. "உங்கடை மூஞ்சை ஒரு தனி மூஞ்சை" என்று ஏஜென்ட் குறைப்பட்டுக்கொண்டான். பிறகு ஒரு நாள் அவனுடைய ரெலிபோனும் செத்துப்போனது.

அந்தக் காலம் முழுக்க அவள் இருந்தது தோஞா மெர்ஸெதெஸ் என்ற பெண்மணியின் வீட்டு மாடியில். தோஞா என்பது பெயரல்ல; அம்மா, ஐயா என்கிற மாதிரி ஒரு மரியாதைச் சொல். பாரிய உடம்பும் அதைவிடப் பாரிய குரலும் கொண்ட அந்தம்மா மாடி அறைகளைப் பயணம் போகிற தமிழர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். கீழே மீனும் மரவள்ளிக்கிழங்கும் வெங்காயமும் போட்டு ஒரு சூப் காய்ச்சி விற்றாள். மரவள்ளிக்கிழங்கைக் கண்டதும் ஜெகதீஸ்வரிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கேட்காமலேயே போய்க் கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். உரித்து முடிக்கிறதுக்குள் தோஞா மெர்ஸெதெஸ் ஆயிரம் கதை கதைத்து முடித்திருப்பாள். பள்ளிக்கூடம் போகிற மகள் லூப்பே மிச்சத்தைக் கதைப்பாள். இப்படிக் கிழங்குத்தோலோடு சேர்ந்து உரிந்து வந்ததுதான் ஜெகதீஸ்வரியின் ஸ்பானிஷ்.

அவளுக்கு அது சுலபமாகவும் வந்தது. தலையில் வளைகோடு வைத்த ஓர் எழுத்து அந்த மொழியில் இருக்கிறது. ஏஜென்டின் ஆட்கள் யாருக்கும் வாய்க்குள் நுழையாத அந்த எழுத்து, பார்த்தால் நம்முடைய ஞ! சகோதரிக்கு அந்த ஊரில் 'ஞாஞா' என்று பெயர். தோஞா மெர்ஸெதெஸ் அவளை அப்படித்தான் கூப்பிட்டாள். ரகரமும் றகரமும் அங்கேயும் இரண்டு. யாழ்ப்பாணத்து நாக்குக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவள் ஸ்பானிஷ் பழகியது ஒரே ஒரு வீட்டில். எந்தச் சொல் நாட்டுக்குப் பொது, எந்தச் சொல் அந்தச் சமையலறைக்கு மட்டும் சொந்தம் என்று பிரித்தறிய அவளுக்கு வழியே இருக்கவில்லை.

கனடா ஆசையைக் கைவிட்டுக் கொழும்புக்குத் திரும்பியவளுக்கு வெள்ளவத்தையில் ராசிக்கின் கொமினிகேஷனில் வேலை கிடைத்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது அந்தக் கடை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கக் கண்ணாடிக் கூண்டுகள், போட்டோக்கொப்பி மெஷின், பிறகு இன்டர்நெட் வந்ததும் சுவரோரமாகச் சில கொம்பியூட்டர்கள். ராசிக் தெமட்டகொடையிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிற மனிதர். கடையில் அவர் கல்லாவையும் கிரிக்கெட்டையும் பார்த்துக்கொள்வார். மற்ற எல்லாவற்றையும் ஜெகதீஸ்வரி பார்த்துக்கொள்வாள்.

2006ஆம் ஆண்டில், மறுபடியும் சண்டை தொடங்கி வீதிக்கு வீதி சோதனைச்சாவடி முளைத்த காலத்தில், ஒரு நாள் காலை கடைக்கு ஒருவரும் வரவில்லை. வெறுமனே இருக்கப் பிடிக்காமல் ஜெகதீஸ்வரி கொம்பியூட்டரில் 'ஞாஞா' என்று ஸ்பானிய எழுத்தில் தட்டிப் பார்த்தாள். அந்த மெஷினுக்கு அந்தச் சொல் தெரியுமா என்று பார்க்கத்தான். மெஷின் அவளை ஒரு விசித்திரமான இடத்தில் கொண்டுபோய் விட்டது.

அது ஓர் அகராதி. பெரிய அகராதிகளில் இல்லாத புதிய சொற்களையும் விநோதமான சொற்களையும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் கூடி எழுதுகிற அகராதி. யாரும் ஒரு சொல்லைக் கொண்டுவரலாம். அதற்குப் பொருள் எழுத வேண்டும், ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் வந்து ஓம் என்பார்கள், இல்லை என்பார்கள், சண்டை பிடிப்பார்கள். வெவ்வேறு மூன்று வீடுகளைச் சேர்ந்தவர்கள் 'இந்தச் சொல் எங்கள் வீட்டிலும் வழங்குகிறது' என்று சாட்சி சொன்னால் அது அகராதியில் ஏறும். இல்லாவிட்டால் இறங்கும்.

ஜெகதீஸ்வரி கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஸ்பானிஷைக் கேட்க வெள்ளவத்தையில் ஒரு காதுகூட இல்லை. இங்கே ஒரு முழுச் சந்தையே கூடி இரைந்துகொண்டிருந்தது.

அவள் கொண்டுபோன முதல் சொற்கள் எல்லாம் திரும்பி வந்தன. கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த பிறகு மேலே கொஞ்சம் சும்மா போட்டுத் தருவாரே, அதற்கு 'யாப்பா' என்றொரு சொல். எழுதினாள். குடித்த மறுநாள் காலையில் வருகிற தலையிடிக்கு 'சுச்சாக்கி'. அதையும் எழுதினாள். இலாரியோ என்பவர் பதில் போட்டார். ஸ்பெயினில் ஸமோரா என்ற ஊரில் இருந்த ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியர் அவர். அந்த அகராதியின் நடுவர்களில் கண்டிப்பானவர். 'மதிப்புக்குரிய கொழும்புச் சீமாட்டிக்கு, இந்தச் சொற்கள் பெரிய அகராதியில் ஏறிப் பல காலமாயிற்று. நாங்கள் தேடுவது இன்னும் ஏறாதவற்றை' என்று எழுதியிருந்தார்.

"என்ன ஜெகா, காலத்தாலேயே மொகம் சுருங்கி ஈக்கிது?" என்றார் ராசிக்.

"ஒரு கிழவன் என்ரை சொல்லையெல்லாம் பழசு எண்டு திருப்பி அனுப்புறான் ராசிக் நானா."

"அப்ப புதுசா ஒண்டக் குடுங்களே. நம்மட கடைலயே எவ்வளவு ஈக்கிது."

அவர் சும்மாதான் சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூண்டுக்குள் ஒரு பொடியன் லண்டனுக்கு நம்பரை அடித்து, அங்கே மணி ஒரு தரம் அடித்ததும் வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தான். மிஸ்ட் கோல். இனி அங்கேயிருந்து எடுப்பார்கள். இதற்குத் தோஞா மெர்ஸெதெஸ் வீட்டில் 'திம்ப்ரார்' என்பார்கள். மணியடித்தல் என்ற பழைய சொல்தான். ஆனால் இந்தப் பொருள் புதிது. ஜெகதீஸ்வரி உட்கார்ந்து பொருள் எழுதினாள்: 'யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு எடுக்கும் தொலைபேசி அழைப்பு.'

மறுநாள் வந்து பார்த்தால் அந்த ஒற்றை வரிக்குக் கீழே ஒரே ஆரவாரம். பொகோத்தாவிலிருந்து ஒருவர், லீமாவிலிருந்து ஒருவர், கீத்தோவிலிருந்து இரண்டு பேர் சாட்சிக்கு வந்திருந்தார்கள். இலாரியோவும் ஒரு வரி போட்டிருந்தார்: 'இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. முயன்று பார்த்தேன்.'

அதிலிருந்து அவளுக்குப் பைத்தியம் பிடித்தது. காலை கடை திறந்து, சாம்பிராணி காட்டி, வாடிக்கைக்காரர் வருகிறதுக்கு முந்தி ஒரு சொல். தென்னமெரிக்காவில் அப்போதுதான் முந்திய நாள் இரவு, எல்லாரும் விழித்திருப்பார்கள். தன்னுடைய சொற்கள் தீர்ந்தபோது மற்றவர்கள் கொண்டுவந்த சொற்களுக்குப் பொருளைச் செப்பனிட்டுக் கொடுத்தாள். கனத்த பொருளை உரித்து உள்ளே இருக்கிற வெள்ளையைக் காட்டுவதில் கை தேர்ந்தவள் என்று அங்கே பெயர் வந்தது. கிழங்கு உரித்த கை என்று அவர்களுக்குத் தெரியாது.

பிறகுதான் 'சிபாலெயார்' வந்தது.

அந்தச் சொல்லை அவளுக்கு நினைப்பூட்டியவர் வரதராசா மாஸ்டர். மாஸ்டர் என்றால் போஸ்ட் மாஸ்டர். சாவகச்சேரிப் பக்கத்தில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். கனடாவில் இருக்கிற மகன் கூப்பிட்டிருந்ததால் விசாவுக்காகப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். விசா இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. மாஸ்டர் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி முகம் வழித்து, நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு, கையில் பையோடு கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். மகன் கோல் எடுத்து, விசா வந்துவிட்டது, உடனே ஏயாபோட்டுக்குப் போங்கள் என்று சொன்னால், லொட்ஜுக்குத் திரும்பிப் போகிற நேரம் மிச்சம் என்பது அவருடைய ஏற்பாடு. பின்னேரமானதும் பையோடு போய், அதைப் பிரித்துச் சாரத்தை எடுத்து உடுத்துவார்.

ஒரு நாள் அவரைப் பார்த்த ஜெகதீஸ்வரியின் வாயில், தன்னையறியாமல், "எஸ்தா சிபாலெயாண்டோ" என்று வந்துவிட்டது.

"என்ன பிள்ளை, என்னைத்தானே ஏதோ சொல்லுறாய்?"

"இல்லை மாஸ்டர், அது ஸ்பானிஷ். நீங்கள் செய்யிற வேலைக்கு அங்கை ஒரு சொல் இருக்கு."

"நான் ஒரு வேலையும் செய்யேல்லையே!"

"அதுக்குத்தான்" என்றாள் ஜெகதீஸ்வரி.

தோஞா மெர்ஸெதெஸ் வீட்டில் தினமும் புழங்கிய சொல் அது. ஜெகதீஸ்வரி அந்த வீட்டுக்கு வரும்போதே அது அங்கே இருந்தது. மாடியில் ஒருவன் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தால், "அவன் சாப்பிட வரமாட்டான், சிபாலெயார் பண்ணுகிறான்" என்பாள் லூப்பே. மழை எப்போது விடும் என்று யன்னலோரம் நிற்கிற பூனையைப் பார்த்தும் அதையே சொல்வார்கள். ஜெகதீஸ்வரியும் எத்தனையோ தரம் சிபாலெயார் பண்ணியிருக்கிறாள். இப்படி ஒரு சொல் பெரிய அகராதியில் இல்லை என்று தேடிப் பார்த்து உறுதி செய்தபின் அவள் உட்கார்ந்து எழுதினாள்: 'பயணம் நிச்சயமாகும் முன்பே பெட்டி கட்டி, சப்பாத்துப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருத்தல், பொழுதுபட்டதும் பெட்டியைப் பிரித்தல், மறுநாளும் அவ்வாறே செய்தல். குயாக்கில் நகரமெங்கும் வழங்குவது.'

கடைசி வசனத்தை எழுதாமல் விட்டிருக்கலாம்.

பொருளை எல்லோரும் கொண்டாடினார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. குயாக்கிலிலிருந்தே இரண்டு பேர் வந்து, 'நாங்கள் பிறந்து வளர்ந்தது இங்கேதான், இப்படியொரு சொல்லைக் கேட்டதே இல்லை' என்று எழுதினார்கள். இலாரியோ மூன்று பந்தி எழுதினார். லத்தீனில் சீழ்க்கையடிப்பதற்கு ஒரு வினைச்சொல் உண்டு, 'சிபிலாரே'. பெட்டியோடு காத்திருக்கிறவன் பொழுது போகாமல் சீழ்க்கையடிப்பான் அல்லவா? அதிலிருந்து பிறந்திருக்கலாம். ஆனாலும் சாட்சி வேண்டும்.

ஜெகதீஸ்வரிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தான் இல்லாததைச் சொல்கிறவளா? சீழ்க்கையும் இல்லை, சின்னமேளமும் இல்லை. தன் காதால் கேட்ட சொல்! பழைய நம்பரை நினைவிலிருந்து எடுத்துக் குயாக்கிலுக்குக் கோல் போட்டாள். அந்த நாட்டில் நம்பரெல்லாம் மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பெண்ணின் குரல் சொல்லிவிட்டு வைத்தது.

கடையிலே அந்தச் சொல்லுக்கு வேறு கதி வாய்த்தது. ராசிக் அதைப் பிடித்துக்கொண்டார். வெள்ளவத்தை முழுக்க அந்தக் காலத்தில் அதுதானே தொழில்? ஒருத்தருக்கு லண்டன் விசா, ஒருத்தருக்கு ஜெர்மனியில் மாப்பிள்ளை, ஒருத்தருக்குப் பொலிஸ் ரிப்போட். எல்லாரும் பெட்டி கட்டிக் காத்திருக்கிறவர்கள். "நாகேந்திரம் மாத்தயா இன்னம் சிபாலிக்கிறாரா?" என்று வாடிக்கைக்காரர் ஒருவரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார் ராசிக். தமிழ் வாய்க்குள் போனதும் சொல் தானாகவே உருமாறிக்கொண்டது. சிபாலிக்கிறது, சிபாலிச்சது, சிபாலிப்பு. வாடிக்கைக்காரர்கள் லொட்ஜுகளுக்குக் கொண்டுபோனார்கள். யாருக்கும் இது ஸ்பானிஷ் என்று தெரியாது. ராசிக்கின் மனைவி அஸீஸா, அது ஏதோ தமிழர்களின் இங்கிலிஷ் என்று நினைத்திருந்தாளாம்.

2007 ஜூனில் ஒரு விடியற்காலை, லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குப் பக்கம் கொண்டுபோனார்கள். வரதராசா மாஸ்டரும் அதில் போனார். அன்றைக்கு முழுவதும் மாஸ்டர் உட்காருகிற கதிரையில் யாரையும் உட்கார விடவில்லை ஜெகதீஸ்வரி. ராசிக் கிரிக்கெட் பார்க்கவில்லை. கொம்பியூட்டர் பக்கமும் அவள் போகவில்லை. சொல்லாவது, மண்ணாவது என்றிருந்தது. பிறகு நீதிமன்றம் தடுத்து, கொண்டுபோனவர்களில் பலரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் காலை அதே காற்சட்டை, அதே சப்பாத்து, அதே பையோடு மாஸ்டர் படியேறி வந்தார்.

ஜெகதீஸ்வரி ஓடிப்போய் அவருடைய கதிரையைத் துடைத்தாள். "சாப்பிட்டனீங்களோ மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"அதெல்லாம் சாப்பிட்டாச்சு. ஒண்டு சொல்லுறன் கேள் பிள்ளை. அவங்கள் வந்து கதவைத் தட்டேக்கை லொட்ஜ் முழுக்கச் சாரத்தோடை ஓடுப்பட்டுத் திரியுது. சட்டையைக் காணேல்லை, பல்லுச்செட்டைக் காணேல்லை எண்டு ஒரே அமளி. நான் சப்பாத்தும் போட்டு, தலையும் இழுத்து, பையோடை படியிலை நிக்கிறன். வந்த இன்ஸ்பெக்டர் திகைச்சுப்போனான். உங்களுக்கு முதலே ஆர் சொன்னது எண்டு கேக்கிறான்!"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் மாசக்கணக்கா சிபாலிச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு சொன்னன். அவனுக்கு விளங்கேல்லை."

ராசிக் கல்லாவில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடிந்து நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெகதீஸ்வரி தேத்தண்ணி போடப் போகிற சாட்டில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அதற்குச் சில கிழமைகளுக்குப் பிறகுதான் அகராதியில் அந்தப் பதில் வந்தது. சிபாலெயாரை இறக்கிவிடப் போவதாக இலாரியோ அறிவித்திருந்த சமயம். அவருடைய அறிவிப்புக்கு நேர் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்:

'கொழும்பிலிருந்து எழுதுகிற பெண் யார்? இது எங்கள் வீட்டுச் சொல். எங்கள் வீட்டுக்கு வெளியே இதை யாரும் சொன்னதில்லை. என் அம்மா உண்டாக்கியது. எங்கள் மாடியில் முதன்முதலாகத் தங்கிய தமிழரின் பெயர் சிவபாலன். அம்மாவுக்கு வாயில் வராது, சிபாலா என்பாள். அந்த மனிதர் தினமும் காலையில் பெட்டி கட்டி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிபாலா மாதிரிச் செய்வது சிபாலெயார். நீ யார்? ஞாஞாவா? - லூப்பே, குயாக்கில்.'

ஜெகதீஸ்வரி அதை இரண்டாம் தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் வாசிக்கும்போது அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சுத்த ஸ்பானிஷ் என்று அவள் சண்டை பிடித்த சொல்! லத்தீனிலிருந்து பிறந்தது என்று இலாரியோ மூன்று பந்தி எழுதிய சொல்! சிவபாலன் என்ற யாழ்ப்பாணத்துப் பொடியன்! கண்ணால் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து ராசிக் ஓடிவந்தார். மாஸ்டர் எழும்பி வந்து தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டருக்குத்தான் முதலில் விளங்கியது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் சிவபாலனா இருந்திருக்கிறன்."

லூப்பே நம்பர் அனுப்பினாள். மறுநாள் காலை கடையின் நடுக்கூண்டுக்குள் ஜெகதீஸ்வரி. கண்ணாடிக்கு வெளியே ராசிக்கும் மாஸ்டரும். கோல் போனது. அந்தப் பக்கம் இரைச்சலும் சட்டிச் சத்தமும், அதற்குமேல் அந்தப் பாரிய குரலும். தோஞா மெர்ஸெதெஸ் கதைத்தது ஸ்பானிஷ்தான். ஆனால் ஜெகதீஸ்வரியின் காதில் அது எப்போதும் போல ஊர்த் தமிழாகவே விழுந்தது.

"ஞாஞா! சாப்பிட்டனியோடி?"

"ஓம் தோஞா, சாப்பிட்டன்."

"பொய் சொல்லாதை. குரல் மெலிஞ்சு கிடக்கு. அங்கை சண்டை எண்டு டீவியிலை காட்டுறாங்கள். நீ ஏன் இன்னும் அங்கை இருக்கிறாய்? இஞ்சை உன்ரை அறை அப்பிடியே கிடக்கு. கிழங்கு உரிக்க ஆளில்லை."

ஜெகதீஸ்வரி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு கதையை மாற்றினாள்.

"தோஞா, அந்தச் சிவபாலன் கடைசியிலை கனடா போய்ச் சேர்ந்தவரோ?"

அந்தப் பக்கத்தில் ஒரு வெடிச்சிரிப்பு. மாதக்கணக்காகப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மனிதர், ஒரு நாள் பாண் வாங்கச் செருப்போடு சந்திக்குப் போனாராம். அந்த நேரம் பார்த்து ஏஜென்டின் வான் வந்து அங்கேயே அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். பெட்டி வீட்டிலேயே கிடந்ததாம்.

வெளியே வந்து இதைச் சொன்னபோது மாஸ்டர் தன்னுடைய பையை ஒரு தரம் குனிந்து பார்த்தார்.

லூப்பேயின் சாட்சியோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் ஜெகதீஸ்வரி நினைத்தாள். இலாரியோ விடவில்லை. லத்தீன் விளக்கத்தைப் பெருந்தன்மையோடு திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் கொழும்புச் சீமாட்டி அந்தச் சொல்லைக் கேட்டதும் லூப்பேயின் வீட்டில், லூப்பே கேட்டதும் அதே வீட்டில். ஆகவே இரண்டு பேராக இருந்தாலும் வீடு ஒன்றே. விதி விதிதான்.

ஜெகதீஸ்வரி பதில் எழுதினாள். இந்தச் சொல் இப்போது கொழும்பில் ஓர் ஒழுங்கை முழுக்க வழங்குகிறது. தெமட்டகொடையில் ஒரு முஸ்லிம் வீட்டில் குழந்தைகளும் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பொலிஸ் இன்ஸ்பெக்டரிடமே சொல்லியிருக்கிறார். 'அவர்கள் ஸ்பானிஷ் பேசுகிறவர்களா?' என்று கேட்டார் இலாரியோ. 'இந்த ஒரு சொல் மட்டும் பேசுகிறார்கள்' என்று எழுதினாள் அவள்.

அதன்மேல் பெரிய சண்டை மூண்டது. ஒரே ஒரு ஸ்பானிஷ் சொல் தெரிந்தவன் ஸ்பானிஷ் பேசுகிறவனா இல்லையா? ஆர்ஜென்டீனாக்காரர்கள் ஆம் என்றார்கள், மெக்சிக்கோக்காரர்கள் எத்தனை தரம் சொன்னான் என்று கேட்டார்கள். கடைசியில் கொழும்பை ஒரு வீடாக ஏற்றுக்கொண்டார்கள். ஒழுங்கை முழுவதும் சேர்ந்து ஒரு வீடு. அப்போதும் இரண்டுதான். ஒரு வீடு குறைந்தது.

அந்த ஒன்று வந்த இடத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸமோராவிலிருந்து ஒரு நாள் இலாரியோ எழுதினார். வழக்கமான மூன்று பந்தி இல்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில் இந்த வழக்கைப் பற்றி மனைவி சபீனாவிடம் சொன்னாராம். ஓய்வுபெற்ற நாளிலிருந்து, மலையடிவாரக் கிராமத்துக்குக் குடிபோகப் போகிறோம் என்று சொல்லிப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி நடையில் அடுக்கி வைத்திருக்கிறவர் அவர். பெட்டிகள் அடுக்கியபடியே இருக்க வருடங்கள் ஓடுகின்றன. இப்போது அந்த நடையைப் பெருக்குகிற ஒவ்வொரு நேரமும் சபீனா அந்தச் சொல்லைத்தான் சொல்கிறாள். மகளும் ரெலிபோனில் அதையே சொல்லி விசாரிக்கிறாள். 'எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று' என்று முடித்திருந்தார்.

சிபாலெயார் அகராதியில் ஏறியது. 'குயாக்கில் நகரமெங்கும்' என்பதை அடித்துவிட்டு, 'குயாக்கிலில் ஒரு வீட்டிலும், கொழும்பில் ஓர் ஒழுங்கையிலும், ஸமோராவில் ஒரு நடையிலும் வழங்குவது. தமிழ் ஆட்பெயரிலிருந்து பிறந்தது' என்று போட்டார்கள். ராசிக் அதைப் பிரின்ட் எடுத்துப் போட்டோக்கொப்பி மெஷினுக்குமேல் ஒட்டினார். வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் என்றாலும், வருகிற போகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

சிவபாலனைக் கண்டுபிடிக்கிறது ஒரு பெரிய காரியமாக இருக்கவில்லை. கடைக்கு வருகிற ஆட்களிடம் சொல்லிவைத்தால் போதும். கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஒரு மச்சான் இருந்தார். அந்த மச்சானிடமிருந்து மொன்றியால் நம்பர் வந்தது. ஜெகதீஸ்வரி நடுக்கூண்டுக்குள் போய்க் கோல் எடுத்தாள். தான் யார், எந்த வீட்டில் இருந்தவள் என்று சொன்னாள். தோஞா மெர்ஸெதெஸ் சுகம் விசாரித்ததைச் சொன்னாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணை, உங்கடை பேர் ஸ்பானிஷ் அகராதியிலை வந்திருக்கு. நீங்கள் இப்ப ஒரு வினைச்சொல்."

மொன்றியாலில் டீவிச் சத்தம் சட்டென்று நின்றது.

"பகிடி விடுறியளோ தங்கச்சி?"

"சத்தியமா அண்ணை. உலகத்திலை ஆரும் பாக்கலாம்."

"அப்ப என்ன கருத்து போட்டிருக்கு?"

கண்டிப்பான இலாரியோவையே மடக்கிய பொருள்காரி, கண்ணாடிக்குள் நின்று முழித்தாள். சப்பாத்து, பெட்டி, வாசல், மறுநாளும் அவ்வாறே செய்தல்! வெளியே ராசிக்கும் மாஸ்டரும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பொறுமையா இருக்கிறது எண்டு கருத்து அண்ணை" என்றாள்.

"பொறுமையோ? நானோ?" மனிதர் சந்தோஷத்தில் திக்கினார். "கொஞ்சம் நில்லுங்கோ தங்கச்சி, வைச்சிடாதையுங்கோ. இதை ஒருக்கா என்ரை மனிசியிட்டைச் சொல்லுங்கோ. நான் சொன்னா அவ நம்பமாட்டா."

உள்ளே எங்கேயோ பார்த்து அவர் உரத்துக் கூப்பிடுவது கேட்டது. ஜெகதீஸ்வரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, வரப்போகிற பெண்மணிக்கு அதையே இன்னும் கொஞ்சம் அழகாகச் சொல்ல ஆயத்தமானாள்.